மீட்டருக்குப் பின்னால் கட்டிய சரிகை

அம்மனை நம்பி இங்கே வந்திருக்கிறவர்களே, எனக்கு முன்னால் பேசியவர்கள் முகம் மலர்ந்து பேசினார்கள். எனக்குத் தலை நிமிரவே கூச்சமாக இருக்கிறது. அம்மன் என் மகளைக் காப்பாற்றினாள், அது நிஜம். யாரை வைத்துக் காப்பாற்றினாள் என்பதில்தான் என் மானம் போன கதை இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் ஒரு பட்டுச்சேலை முதலாளியிடம் அம்பாசிடர் ஓட்டினேன். வீடு முள்ளிப்பட்டில். என் மனைவி அதே முதலாளிக்குத் தறி நெய்தாள். ஒருநாள் டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர்கள் தொங்கிக் காலில் இடித்தன. சட்டைப்பையில் தறியில் மிஞ்சிய சரிகை இருந்தது. நாலைந்து இழையை முறுக்கி, ஒயர்களை மீட்டருக்குப் பின்னால் ஏற்றி இறுக்கிக் கட்டினேன். நெசவுக் குடும்பத்துக்காரன் போட்ட முடிச்சு லேசில் அவிழாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு. சரிகையில் உலோகம் இருக்கிறது, கரண்ட் பாயும் என்கிற புத்தி வரவில்லை.

பத்து நாளில் டாஷ்போர்டு லைட் சிமிட்ட ஆரம்பித்தது. வண்டி குலுங்கினால் மங்கும், மறுபடி எரியும். ரஹீம் பாய் என்கிற மெக்கானிக் ஆரணியில் ஷெட் வைத்திருந்தார். பேட்டரி முனையைச் சுரண்டினார். பல்பு மாற்றினார். எர்த் ஒயரை இறுக்கினார். டைனமோவைக்கூடக் கழற்றிப் பார்த்தார். தீரவில்லை.

"மீட்டரைக் கழட்டிப் பாக்கணும்ணே. உள்ள யாராச்சும் கை வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"நான் ஏன் பாய் கை வெக்கப் போறேன்? மீட்டரையெல்லாம் கழட்டினா மொதலாளி கத்துவாரு" என்றேன்.

மிச்சச் சரிகையை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வைத்துக்கொண்டால் திருட்டு. அது வெளியே தெரிந்தால் என் வேலையும் போகும், அவள் தறியும் போகும். அந்தப் பயம்தான்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாளு வேணும்னே இழுத்தடிச்சுகினு கீறான். இல்ல, நீ எதனா நோண்டினியா?" என்று என்னைப் பார்த்தார். நான் கடையில் எல்லோர் முன்னாலும் கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்து, தொடவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அம்மன் பேரைச் சொல்லி.

அதோடு பாய் ஏமாற்றுக்காரர் ஆகிவிட்டார். கடைத்தெரு வண்டிகள் ஒவ்வொன்றாக அவர் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தின. இரண்டு மாதத்தில் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். சீ, நான் என்ன மனுஷன்!

ஐப்பசி அடைமழையில் என் மகளுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே இருக்கிறது, உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார் நர்சம்மா. சிமிட்டல் தீராமலே ஓடிக்கொண்டிருந்த காரை முதலாளி கொடுத்தார். பிற்பகல்தான், ஆனாலும் இருட்டிக்கொண்டு கொட்டியது. லைட்டைப் போட்டு ஓட்டினேன். கண்ணமங்கலத்துக்குள் நுழையும்போது டாஷ்போர்டு படபடவென்று சிமிட்டியது. கருகல் நாற்றம். புகை. வண்டி நின்றுவிட்டது.

"நைனா, என்னால முடியலயே நைனா" என்று மகள் அலறினாள்.

நான் மழையில் இறங்கி மண்டியிட்டேன். "தாயே, பொய் சத்தியம் பண்ணவன் நான்தான். என்னை இன்னா வேணா பண்ணு. என் பொண்ணை வுட்டுடு" என்று வாய்விட்டு அழுதேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ரஹீம் பாய் நின்றிருந்தார். ஆரணியை விட்டவர் அங்கேதான், ரோட்டோரமாகச் சின்ன ஷெட் போட்டிருந்தார்.

காருக்குள் எட்டிப் பார்த்தார். "தள்ளுங்கண்ணே, ஜல்தி" என்றார். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பிரித்து உள்ளே கைவிட்டார். கருகிய சரிகை முடிச்சோடு அவர் கையில் வந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

"பாய், அது நான்தான்..."

"அப்பறம் பேசிக்கலாம். பொண்ணு துடிச்சுகினு கீது."

வெந்த ஒயரை வெட்டி வேறு ஒயர் சேர்த்து டேப் சுற்றினார். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. வண்டி கிளம்பியது, லைட் அசையாமல் எரிந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் பிழைத்தார்கள்.

மறுவாரம் கடையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். வேலை போனது, தறியும் போனது. போகட்டும். கண்ணமங்கலம் போய்ப் பாயின் காலில் விழுந்தேன். பதறித் தூக்கினார். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. புள்ளைங்க ரெண்டும் படிப்பை வுட்டுட்டாங்க. அத்த மட்டும் நீங்க தெரிஞ்சிக்கணும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆரணியில் வாசல் வாசலாகப் போய், பாய் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். சிலர் என் முகத்திலேயே துப்பினார்கள். பாய் திரும்பி வரவில்லை. நான் கேட்டதை அம்மன் கொடுத்தாள். நான் அவரிடம் பிடுங்கியதை என்னால் கொடுக்க முடியவில்லை.

அவளை நம்புங்கள், கூப்பிட்டால் வருவாள். ஆனால் யாருக்காவது பொல்லாப்பு செய்திருந்தால் முதலில் அவர் வாசலுக்குப் போய்விட்டு வாருங்கள். நான் போகவில்லை. அதனால்தான் வலியில் துடித்த மகளோடு என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த வாசலிலேயே நிறுத்தினாள்.