பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னது

என் உள்ளங்கையில் யாரோ திணித்திருந்த சாவிக்கொத்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கண் விழித்தபோது ஆரணி பஸ் நிலையத்தின் சிமெண்டுத் தரையில் கிடந்தேன். சுற்றிலும் கூட்டம். அம்மா அழுதுகொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. கல்லூரியில் சேர்ந்த புதிது. எனக்கு வலிப்பு வரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா தேசூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினாள். விசைத்தறி மோட்டார்களைப் பழுது பார்க்கும் என் அண்ணன் வேலூருக்கு அழைத்துப் போனான். அங்கே தலை முழுக்க ஒயர் ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகக் காகிதத்தில் எடுத்தார்கள். அண்ணன் சாமி கும்பிடாதவன். கயிற்றை அறுக்கச் சொல்வான் என்று பயந்தேன். "கயிறு இருந்துட்டுப் போவட்டும். மாத்திரைய மட்டும் வுட்டுடாத" என்றான். பகுத்தறிவு பேசுகிறவர்கள் பலரைப் பிறகு பார்த்திருக்கிறேன். அம்மாவை அழவைக்காமல் பேசியவன் அவன்தான்.

சில வருடங்கள் கழித்துக் களம்பூரிலிருந்து வரன் வந்தது. அரிசி ஆலையில் வேலை.

"கல்யாணம் ஆவட்டும், அப்பால சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

"எனக்கு வர்ற பொண்ணு வூட்ல இப்டி மறைச்சா நீ சும்மா இருப்பியாம்மா?" என்று கேட்ட அண்ணன், என் பக்கம் திரும்பினான். "உன் உடம்பு. சொல்றதா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நானே சொன்னேன். "எனக்கு வலிப்பு இருக்குதுங்க. மாத்திரை சாப்டுகினு இருக்கேன்." மாப்பிள்ளையின் அம்மா கையிலெடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். வாரக்கணக்கில் தகவல் இல்லை. அம்மா அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சரி, சாப்பாட்டை உள்ளே இறங்க விடவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். சட்டை முதுகெல்லாம் எண்ணெய்க் கறை, நூல் பிசிறு.

"எங்கடா பொரண்டுட்டு வர்ற?" அம்மா தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

"களம்பூரு மாப்ள தறிக் கொட்டகைக்கே வந்துட்டாரும்மா. வலிப்பு வந்தா பக்கத்துல இருக்கறவன் இன்னா பண்ணணும்னு கேட்டாரு. தரையில படுத்துக் காட்னேன். ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அப்பறம் அவரே படுத்துகினு, 'இப்டித் திருப்புனா சரியா?'ன்னு கேட்டாரு."

"அவங்கம்மா?"

"வெள்ளிக்கிழமை அவங்களயும் கூட்டிகினு தட்டு மாத்த வர்றாராம்."

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதுவரை வீட்டுக்கு யாராவது வந்தால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் மாத்திரை விழுங்குவேன். அந்த வெள்ளிக்கிழமை வேளை வந்ததும் கூடத்து நடுவில், இரண்டு குடும்பத்துக்கும் முன்னால், தண்ணீர் வாங்கி விழுங்கினேன். யாருடைய பேச்சும் நிற்கவில்லை.