வெள்ளைக் குதிரையும் ஒரு காணியும்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரச் சொன்னார்கள். காஞ்சியிலிருந்து சீனா போன பௌத்தத் துறவியைப் பற்றி வேண்டுமாம். அவர் எங்கள் ஆள், பெருமையாக இருக்கும் என்றது பெற்றோர் குழு. அவர் போக முன்பே அங்கே பௌத்தக் கோயில்கள் இருந்தனவே, முதல் கோயில் எப்படி வந்ததென்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சீனர் சொல்லும் பழைய கதை அது. பேரரசரின் கனவில் பொன்னிறமான ஒருவர் பறந்து வருகிறார். அவர்தான் மேற்கே உள்ள புத்தர் என்று அமைச்சர் சொல்ல, தூதர்கள் புறப்படுகிறார்கள். இரண்டு துறவிகளோடும், ஏடுகளைச் சுமந்த வெள்ளைக் குதிரையோடும் திரும்புகிறார்கள். நகருக்கு வெளியே கோயில் எழும்புகிறது. அதற்குக் குதிரையின் பெயரையே வைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் குதிரைதான் பிடித்தது. முன்கால் யார், பின்கால் யார் என்று போர்வைக்குள் ஒரே அடிபாடு.

பேரரசராக நடித்தவளுக்குப் பன்னிரண்டு வயது. கணீரென்ற குரல். அவளுடைய தகப்பன் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்து இங்கே மோர்டனில் கடை நடத்துபவர். போருக்குப் பிறகு, பிறந்த ஊரில் அவருடைய காணிக்குள் ஒரு பௌத்த விகாரை எழும்பியிருந்தது. ஒருமுறை போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்.

ஒத்திகைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

"ரீச்சர், என்ர பிள்ளை விகாரை கட்டுறதோ?"

"அது சீனா அண்ணை. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி."

"எங்க கட்டினாலும் விகாரை விகாரைதான். விழாவில அந்தக் காட்சி வந்தால் மேடையில ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு போவன்."

"அப்ப காஞ்சித் துறவி ஆரைக் கும்பிட்டவர்?"

அவர் திரும்பிப் போய்விட்டார். காட்சியை வெட்டச் சொன்னது குழு. பூனைக்கு மணி கட்ட, அவரோடு போய்ப் பேச மட்டும் அவர்களில் ஒருவரும் வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது, வெட்டமாட்டேன் என்றேன். மகளிடம் மட்டும், "உனக்கு ஏலாட்டில் வேற ஆளைப் போடுறன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லை ரீச்சர், நான்தான் எம்பரர்" என்றாள்.

விழா பக்கத்து ஊரான சட்டனில், வாடகை மண்டபத்தில். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேடைப் படிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் திரையோரம் நின்றேன். குதிரை வந்தது, பின்கால் தடுக்கி விழுந்தது, மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பேரரசர் கையை நீட்டினாள். "இந்த இடத்தில் கோயில் எழும்பட்டும்!"

அவர் எழும்பினார். படியில் ஒரு காலை வைத்தார். இழுத்துக்கொண்டு போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதற்கு மேல் ஏறவில்லை.

"காணிக்காரனைக் கேட்டனீங்களோ?" என்று சத்தமாகக் கேட்டார்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நாடகத்தில் அதற்கு வசனம் இல்லை. அந்தக் கோயில் நிலம் யாருடையது என்று நான் படித்த எதிலும் இருக்கவில்லை. கதையில் குதிரைக்குக்கூட இடம் இருந்தது, காணிக்காரனுக்கு இல்லை. அந்த நேரம் அவரில் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும் மிஞ்சியிருந்தது. திரையை இழுக்கச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.

அதற்குள் அவள் மேடை விளிம்புக்கு வந்துவிட்டாள். கடதாசிக் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தகப்பனைப் பார்த்தாள்.

"கேக்கேல்லை," என்றாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் அந்தப் படியிலேயே இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன். தோளில் கை வைக்கவும் தயக்கமாக இருந்தது.

"மன்னிப்புச் சொல்ல வேண்டிய ஆக்கள் ஒருத்தரும் சொல்லேல்லை ரீச்சர்," என்றார். "என்ர பிள்ளைதான் சொல்ல வேண்டிக்கிடந்தது."