குளியலறை ஜன்னல்

கம்பம் டவுன் கடையில் சொல்லி வைத்திருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்ட எலக்ட்ரீசியன் தம்பி இன்றுதான் வந்தார். வெந்நீரில் குளித்தால் எங்கள் குளியலறைச் சுவரெல்லாம் வியர்த்து வழியும். மூலையில் கறுப்பாகப் பூஞ்சை வேறு.

சுற்றிப் பார்த்தவர், "இதுக்குப் போயி ஃபேனாக்கா? குளிச்சதும் ஜன்னலத் தொறந்து விட்டா ஆவி போயிருமே" என்றார்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சாரல் காத்து ஆகாதுப்பா, மூச்சு இழுத்துரும். தொறங்கன்னு நான் கத்த, மூடுன்னு அவுக கத்த, தெனம் சண்டை. கடைசில அவுகளே போயி ஃபேனுக்குச் சொல்லிட்டு வந்தாக."

"சாரு எங்கன இருக்காக? ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

"அவுக தவறி இருபத்திரண்டு நாளாச்சு."

தம்பி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, ஜன்னல் இடுக்கில் அடைத்திருந்த காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக உருவி என் கையில் கொடுத்தார். குளியலறை என்பதால் சாமி படம் இல்லாத தாளாகப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரர் செருகியவை.

ஜன்னல் திறந்தது. மாலைக்குள் சுவர் காய்ந்துவிட்டது.

தாள்களை எறிய மனம் வராமல் பூஜை அறையில் முருகன் படத்தடியில் வைத்திருக்கிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஃபேன் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. காற்று ஆகாதவர்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள்? சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன். ஃபேன் வந்து சேரும்வரை ஜன்னலை மூடியே வைத்திருங்கள்.