தமிழ்நிலா ஏறாத புதுச்சேரி பஸ்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் தமிழ்நிலாவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அப்பாவின் நெல் நனையக் கூடாது என்று, கைக்கு வந்த சென்னை வேலையை உதறிவிட்டு வந்த பெண். சொல்லும்போதே சிலர் உருகிப்போவார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். மூன்று வருஷம் அவளோடு ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்தவள் நான். நடந்ததை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

தஞ்சாவூரில் பி.காம். நிதியியல் சேர்ந்தபோது, மொழிப்பாடத்தில் தமிழை விட்டுவிட்டு நாங்கள் பிரெஞ்சு எடுத்தோம். ஆசையாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் மார்க்குக்காக. தமிழ் வாத்தியார்கள் மார்க் போடக் கஞ்சத்தனம் செய்வார்கள். பிரெஞ்சில் அள்ளிக் கொடுப்பார்கள். "பேரு தமிழ்நிலா, படிக்கிறது பிரெஞ்சா?" என்று பஸ்ஸில் கிண்டல் செய்வார்கள். நான் தேர்வு முடிந்ததும் மறந்து தொலைத்தேன். அவளுக்கோ பிடித்துப்போயிற்று. இலக்கணம், கட்டுரை, மொழிபெயர்ப்பு எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் யாரோடும் அந்த மொழியில் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. பேச யார் இருந்தார்கள்? எங்கள் பிரெஞ்சு வகுப்பே பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும்தான் நடந்தது.

கடைசி வருஷம் ஒரு சென்னைக் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. பிரான்சில் இருக்கும் நிறுவனங்களுக்கு இங்கிருந்து கணக்குப் பார்க்கும் வேலை. நிதியும் தெரிந்து பிரெஞ்சும் தெரிந்தவர்கள் கிடைப்பது அபூர்வம். ஒரே நிபந்தனை, புதுச்சேரியில் நடக்கும் பிரெஞ்சுத் தேர்வில் தேறிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். எழுத்துத் தேர்வை நன்றாகவே எழுதிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் பேச்சுத் தேர்வு. பிரெஞ்சுக்காரர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

அவள் அப்பா இராஜாங்கம் குத்தகை விவசாயி. தன் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். வரப்பில் நடக்கும்போதே அவர் முகத்தில் அந்தப் பெருமை தெரியும். அந்த வருஷக் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, முறைக்காகக் காத்துக் கிடந்தார். மழை விட்டபாடில்லை. விற்க வரும்போது பதிவு செய்தவர் விரல் ரேகை வைக்க வேண்டும். மண்ணில் உழைத்துத் தேய்ந்த அவர் விரலை மெஷின் ஏற்காததால், மகள் பெயரிலேயே பதிந்திருந்தார்கள். பேச்சுத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய போனுக்குத் தகவல் வந்தது. மறுநாள் அவர்கள் முறை.

இராஜாங்கம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நெல்லு கெடக்கட்டும்மா. முளைச்சா முளைச்சிட்டுப் போவுது. நீ கெளம்பு" என்றார். விடியற்காலை அவரே வந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் நின்றது. கண்டக்டர் கூவிக் கூவி ஆள் ஏற்றினார். அவள் படிக்கட்டு வரை போனாள். மனசுக்குள் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். வந்தது. திருப்பி அந்தப் பிரெஞ்சுக்காரர் ஏதாவது கேட்டால்? பழகுவதற்காகப் போனில் போட்டுக் கேட்ட மாதிரிப் பேச்சுகளில் பாதிகூடப் புரியவில்லை. பிரெஞ்சில் கல்லூரி மெடல் வாங்கியவள் அந்த மனிதர் முன்னால் திருதிருவென விழிப்பதை நினைத்ததும் படிக்கட்டை விட்டு விலகி நின்றாள். பஸ் கிளம்பிப் போயிற்று. "அப்பா நெல்லு நனையுதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்டி. அப்ப நெல்லு ஞாபகமே இல்ல. பயந்துதான் திரும்புனேன்" என்றாள் என்னிடம்.

நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய் விரலை வைத்தாள். நெல் விற்றுப் போயிற்று. தன் நெல்லுக்காகத்தான் மகள் திரும்பிவிட்டாள் என்று இராஜாங்கம் எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகையைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் ஊரே கதை கட்டிவிட்டது. கம்பெனிக்காரர்கள் அடுத்த தேர்வு வரை காத்திருக்க மாட்டோம் என்று கைவிரித்தார்கள். இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிறாள். பயந்தது தப்பில்லை, யாருக்குத்தான் பயம் இல்லை? வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை.

போன சித்திரையில் ஒருநாள் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, இராஜாங்கம் சட்டை மாற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நெலக்காரரப் பாத்துட்டு வந்தேன்மா. குத்தகைய விட்டுட்டேன்."

"ஏன்ப்பா?"

"மறுபடி அந்தப் பரீட்ச வருதாமே. அப்பவும் அறுப்பு வரும், மழ வரும், நீ திரும்பி வந்துருவ. நெலம் இருந்தாத்தானே ஒனக்கு இடைஞ்சல்? இனிமே நிம்மதியாப் போய் எழுதிட்டு வா."

அவர் சிரிக்க முயன்றார். நிலக்காரர் இன்னும் வேறு யாருக்கும் பேசி முடிக்கவில்லை. பயந்துதான் திரும்பினேன் என்று அந்த ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலம் அவரிடமே இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"சரிப்பா, உள்ள வாங்க. சோறு ஆறிடும்" என்றாள்.