சுடட்டுங்களா?

போன வாரம் மாரண்டஹள்ளியில் ஓசூர் பஸ் ஏறினேன். ராயக்கோட்டை தாண்டியதும் முன் சீட்டுக்காரர் போனில் மெசேஜ் வந்தது. டிங் என்றோ டொங் என்றோ வராமல், "சுடட்டுங்களா?" என்று ஒரு மனிதக் குரல் கேட்டது. பக்கத்திலிருந்தவர் சிரித்தார். முன் சீட்டுக்காரரும் சிரித்து, சத்தத்தைக் குறைக்காமலே போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இது யார் குரல் தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. நமக்கெதற்கு வம்பு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதில் வம்பில்லை.

அந்தப் பஸ்ஸில் யாரோ தக்காளி ஏற்றியிருந்தார்கள். அடியில் நசுங்கிப் புளிக்கும் தக்காளியின் வாசனை வந்தாலே எனக்கு அருளப்பன் ஞாபகம்தான். பாலக்கோட்டில் ஒரு மொபைல் கடையில் நான் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. அருளப்பன் மண்டியில் தக்காளியைத் தரம் பிரிக்கிறவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். உடைந்த டிஸ்ப்ளேயோடு கடைக்கு வருவான். போனைத் திறந்தால் உள்ளேயும் அதே வாசனை அடிக்கும். மத்தியானத்தில் அவனுக்கும் மண்டி ஓய்ந்துவிடும், எனக்கும் ஆள் வராது. டேட்டா தண்ணீராய்க் கிடைத்த காலம். இரண்டு பேரும் துப்பாக்கி விளையாட்டில் இறங்கினோம்.

விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லாதவர் உண்டா? நான் ஆடிய லட்சணத்துக்கு அது என்னை ஒரு எலி அளவுக்குக்கூட முரடனாக்கவில்லை. பாராசூட்டில் குதித்ததும் ஏதாவது ஒரு குளியலறையைத் தேடி உட்கார்ந்துகொள்வேன். அங்கேயே செத்தும்போவேன். அருளப்பனோ குறி தவறாதவன். அவனுக்கு இருந்த ஒரே குறை மரியாதை.

பெற்ற அம்மாவையே "வாங்கம்மா, சாப்ட்டீங்களா" என்பவன். மண்டியில் மாடு குறுக்கே வந்தாலும் "கொஞ்சம் தள்ளுங்க" என்றுதான் வாயில் வரும். விளையாட்டிலும் அப்படியே. "அண்ணா, அந்த மஞ்ச வூட்டுக்குப் பின்னால ஒருத்தரு ஒக்காந்திருக்காருங்க, நீங்க கொஞ்சம் குனிஞ்சு வந்தீங்கன்னா..." அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் அந்த ஒருத்தரு என்னைச் சுட்டு முடித்திருப்பார். எதிரிக்கு எதற்கடா மரியாதை என்று திட்டினால், "யாரு வூட்டுப் புள்ளையோ, மூஞ்சி தெரியாம எப்படிங்கணா அவன் இவன்ங்கறது" என்பான். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அந்த விளையாட்டில் மைக் இரண்டு விதம். நம் கூட்டாளிக்கு மட்டும் கேட்பது ஒன்று. பக்கத்தில் நிற்கும் எதிரிக்கும் கேட்பது இன்னொன்று. ஒரு நாள் அருளப்பனின் விரல் பட்டு மைக் மாறியிருந்தது. ஒரு சுவரோரம் எதிரியாள் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். முதுகில் சுட இவனுக்கு மனசு வரவில்லை. என்னைக் கேட்பதாக நினைத்து, "சுடட்டுங்களா?" என்றான். எதிரியே திரும்பி, "தாராளமா சுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு இவனைச் சுட்டுத் தள்ளினார்.

நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த எதிரி, விளையாடுவதை நேரலையில் காட்டிப் பிழைப்பவர் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தன்னைப் பார்க்கிற முகம் தெரியாத அத்தனை பேரையும் 'நம்ம குடும்பம்' என்பார். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி நெட்டில் போட்டிருந்தார். குடும்பம் அதற்குப் பாட்டு சேர்த்தது, கழுதைப் படம் சேர்த்தது, அவன் குரலை மெசேஜ் சத்தமாக்கியது. எந்தக் காட்டு ஆளுடா இவன், சுடறதுக்கு முன்னாடி காபி கொடுப்பானா, இவனுக்கெல்லாம் யார் போன் வாங்கிக் கொடுத்தது என்று கீழே நீண்டுகொண்டே போனது. அருளப்பன் ஒன்று விடாமல் படித்தான். படிக்காதே என்று போனைப் பிடுங்கினால், இன்னொரு போனில் படித்தான்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அருளப்பன்தான் எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்கு பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவன். தரம் பிரிக்கிற கூலியாளுக்கு ஊரில் கிடைத்த ஒரே மேடை அது. அதற்காகவே ஒரு வெள்ளைச் சட்டையைத் தனியாக வைத்திருந்தான். அந்த ஞாயிறு அவன் புத்தகத்தைத் திறந்து தொண்டையைச் செருமினான். கடைசி வரிசையில் யாருடைய போனோ "சுடட்டுங்களா?" என்றது. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். வாசகத்தை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினான். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "இனிமே வேற யாரயாச்சும் வாசிக்கச் சொல்லுங்க சாமி" என்றான். பக்கத்தில்தான் நின்றேன். இன்று வரை எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

அந்த நேரலைக்காரருக்கு எழுதினேன். அதை எடுத்துவிடுங்கள், ஒரு மனுஷன் வாயைத் திறக்கக் கூசுகிறான் என்று கெஞ்சாத குறையாக எழுதினேன். ஜாலிக்குத்தானே ப்ரோ, சீரியஸா எடுத்துக்காதீங்க என்று பதில் வந்தது. கூடவே ஒரு இதயப் படம். இதயத்துக்கு மட்டும் இந்த உலகத்தில் பஞ்சமே இல்லை. அருளப்பன் விளையாட்டை விட்டான். கொஞ்ச நாளில் மண்டியை விட்டான். ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். போன் செய்தால் எடுக்க மாட்டான், எழுத்தில்தான் பதில் வரும்.

போன வாரம் ஓசூரில் இறங்கி அவனைத்தான் பார்க்கப் போனேன். உடம்பு பூசி, தாடி வைத்து, நன்றாகத்தான் இருந்தான். "சொல்லு ப்ரோ, எப்ப வந்தே?" என்றான். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் தலை நரைத்த மாஸ்டரிடம், "ரெண்டு டீ போடு" என்றான். மாஸ்டர் ஒன்றும் நினைக்கவில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் தம்ளரை வாங்கிக்கொண்டேன்.

என்ன அருளு இப்படிப் பேசறே என்று கேட்டே விட்டேன்.

"இங்க 'ங்க' போட்டா எந்த ஊருன்னு கேக்கறாங்க ப்ரோ. அப்புறம் போனை எடுத்து அதைப் போடறாங்க."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'ங்க' ஒரு சொல்கூட இல்லை, வெறும் ஒட்டு. அதைப் பிடுங்க எத்தனை ஆயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். ஊருக்கு வந்தாலாவது பழையபடி பேசுகிறாயா என்று கேட்டேன்.

தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்: "வீட்லயும் இப்படியேதான் வருது. மொதல் தடவ அம்மாவை 'வா, உக்காரு'ன்னுட்டேன். உள்ள போய் அழுதுச்சு. இப்ப பழகிடுச்சு."