மகன் மாட்டிவிட்ட கேமரா

வீட்டுக்காரர் போன பிறகு, நாமக்கல் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். முப்பது வருஷம் கோழிப்பண்ணை நடத்தியவள். எனக்கு இதில் பயமில்லை. பயமெல்லாம் பெங்களூரில் இருக்கும் மகனுக்குத்தான். போன பொங்கலுக்கு வந்தவன், குளியலறையில் அவசரத்துக்கு ஒரு பட்டன், கேட்டில் ஒரு கேமரா, ஹாலில் பேசுகிற கேமரா ஒன்று என்று மாட்டினான். கேட்டுக்கு யார் வந்தாலும் பார்க்கச் சொல்லி என் போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான்.

பங்காளி வீட்டுப் பெண்கள் நாலு பேர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஜாங்கிரியில் ஒரு துண்டு பிட்டு வாயருகே கொண்டுபோனேன். சுவரில் இருந்த கேமராவிலிருந்து மகன் சத்தம் போட்டான்.

"அம்மா, அதக் கீழ வை! சுகர் எவ்வளவு இருக்குதுன்னு தெரியுமல்ல? சொன்னாக் கேக்கவே மாட்டியா?"

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "பையன் நல்லாத்தான் காவல் காக்கறானுங்க அக்கா."

துண்டைத் தட்டில் வைத்தேன். அவர்கள் போன பிறகு நான் அழவில்லை. இதைச் சும்மா விடக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

ஆப்பைத் துழாவினேன். அவன் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த அதே மாதிரி கேமராவும் அதிலேயே தெரிந்தது. என் போனில் வரும் என்று அவன் யோசிக்கவில்லை போல. நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஆபீஸ் மேனேஜர் குடும்பம் விருந்துக்கு வருவதாக மருமகள் பேச்சுவாக்கில் சொன்னாள். மேனேஜரும் தமிழர்தான்.

எல்லோரும் உட்கார்ந்து பாதி சாப்பிட்ட பிறகு ஆப்பில் பேசுகிற பட்டனை அழுத்தினேன்.

"சாமி, மூணாவது தடவை பிரியாணி போடறே. கொழுப்பு ஏறியிருக்குதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? தட்டக் கீழ வை."

கரண்டியோடு அவன் கை அப்படியே நின்றது. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். என் மகனின் காதுமடல் சிவந்ததுகூடப் படத்தில் தெரிந்தது. மனசு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் கூப்பிட்டான். "ஏம்மா இப்படி மானத்த வாங்கறே?"

"அன்னைக்கு நாலு பேர் முன்னால என் மானம் போனது தெரியலையா?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்."

"நானும் உன் நல்லதுக்குத்தான் சாமி சொன்னேன்."

அடுத்த வாரமே வந்து ஹால் கேமராவைக் கழற்றினான். பட்டனும் கேட் கேமராவும் இருக்கட்டும், எனக்கு அது வேணும் என்றேன். சாப்பிட்டுக் கிளம்பினான். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காரில் ஏறும்போதுதான், "இனிமே எதுன்னாலும் போன்ல சொல்றேம்மா" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் கையசைத்தேன்.