மரவள்ளி தந்த மினுமினுப்பு

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், பெக்கோக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் எலும்பும் தோலுமாக இருக்க, என் நான்கு வயதுத் தங்கை மட்டும் கொழுகொழுவென்று ஆனாள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அது அவளுக்கு மட்டும் ஒத்துக்கொண்டதாக தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கண்ணேறு படாமலிருக்க அம்மா அவள் கன்னத்தில் மைப் பொட்டு வைத்தார். ஆனால் அவள் விளையாட வரவில்லை, சிரிக்கவில்லை, கிழங்கைக்கூடக் கேட்கவில்லை. குண்டான பிள்ளைக்கு ஏன் பசியில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மினுமினுத்த கால் தோல் வெடிக்கத் தொடங்கியதும் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனோம். மருந்து தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் வரிசையில் நின்று, பெயரைப் பதிந்த பிறகுதான் மருந்தில்லை என்பதைக் கேட்டுக்கொள்ள முடியும். பிற்காலத்தில் அரசாங்க மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அது குறை சொல்ல முடியாத நடைமுறை என்றே இன்றும் தோன்றுகிறது.

மருத்துவர் இல்லாத தோட்டத்தில் மருந்து கட்டும் உதவியாளரான டிரெசர்தான் மருத்துவர். அவர் தங்கையின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இது சதை இல்லம்மா, தண்ணி. வீட்டுல கோழி இருக்கா?"

"ரெண்டு இருக்குங்க. முட்டைய குடுத்துத்தான் அரிசி மாத்துறேன்."

"அரிசி கெடக்கட்டும். முட்டைய இவளுக்குக் குடுங்க."

அம்மா கொடுத்தார். சில நாட்களில் வீக்கம் வடிந்தது. கூடவே தங்கையும் வடிந்துபோனாள். கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. முட்டைச் சூடு பிள்ளையை உருக்கிவிட்டதென்று அம்மா டிரெசரிடம் ஓடினார்.

"குணமாவுறா லா. இதான் அவ நெசமான உடம்பு."

"குணமானா இப்படியா இருக்கும்? வீங்கினப்பதானே பாக்குற மாதிரி இருந்தா?"

"முட்டைய நிறுத்திப் பாருங்க. அப்புறம் மை வைக்கக் கன்னம் இருக்காது."

புரதம் குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும். புரதம் சேர்ந்தால் முதலில் அந்த நீர்தான் வெளியேறும். இதை விளக்கும் சுற்றறிக்கைகளைப் பின்னாளில் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சாப்பிடாதபோது பருத்தவள் சாப்பிட்டதும் இளைத்துவிட்டாள் என்பதுதான். யாரை நம்புவதென்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, அன்றைய முட்டையை அரிசிக்கு மாற்ற அம்மா துணியில் முடிந்தார். மூலையில் படுத்திருந்த தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"அது என் முட்ட."

பல வாரங்களாக அவள் எதையும் கேட்டதில்லை.

"இதத் தின்னா இன்னும் எளைச்சிருவடி."

"என் முட்ட" என்று காலை உதைத்து அழத் தொடங்கினாள்.

அம்மா அவள் விலா எலும்புகளைப் பார்த்தார். அழுகையைக் கேட்டார். கண்ணை நம்புவதா காதை நம்புவதா என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு முடிச்சை அவிழ்த்து, குழம்பிய முகத்தோடே அடுப்பில் தண்ணீர் வைத்தார்.